ஓஎன்டியில் எது, ரவுட்டரில் எது: வீட்டு நெட் இணைப்பு கேள்வி பதில்

கேள்வி: ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டியிலேயே வைஃபை வருகிறது. தனியாக ரவுட்டர் வேண்டுமா சார்?

பதில்: அந்தப் பெட்டிதான் ஓஎன்டி. ஃபைபரில் வரும் ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் மோடம் வேலையையும், அதைப் போன், டிவிக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர் வேலையையும் அதுவே செய்கிறது. மாடிக்கோ பின்கட்டுக்கோ சிக்னல் எட்டவில்லை என்றால் மட்டும் இன்னொன்று வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிட்டேன் அண்ணா. ஓஎன்டி லேன் போர்ட்டிலிருந்து புது ரவுட்டர் லேன் போர்ட்டுக்கு வயர் குத்தினேன். திடீர் திடீர்னு வீடு முழுக்க நெட் போயிடுது.

பதில்: லேன் போர்ட் வீட்டுச் சாதனங்களைச் செருகுவதற்கானது. அதில் கோத்ததால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டுக்கொண்டு போன், டிவிக்கு ஐபி (நெட்வொர்க்கில் அவற்றுக்கான முகவரி எண்) கொடுக்கின்றன. போதாக்குறைக்கு இரண்டின் முகவரியும் 192.168.1.1 ஆக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐபி கொடுக்கும் வேலை ஒரே பெட்டியிடம் இருக்கட்டும்.

முதலில் இடையில் உள்ள வயரைக் கழற்றுங்கள். லேப்டாப்பைப் புது ரவுட்டரில் மட்டும் செருகி, பிரவுசரில் அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து, டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கும் வசதி) அணைத்து, லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு பழையபடி லேன்-லேன் வயர். புது ரவுட்டரின் வேன் போர்ட் (வெளி நெட் உள்ளே வரும் துளை) காலியாகவே இருக்கட்டும். பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு: ஓஎன்டி கொடுக்கும் ஐபி வரிசையே 192.168.1.2-இல் தொடங்கலாம். ஓஎன்டி செட்டிங்கில் அதன் கடைசி எண்ணை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால் மோதாது. ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (ஐபி கொடுக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேள்வி: வேன் போர்ட்டிலேயே குத்தினால் என்ன?

பதில்: நெட் வரும். ஆனால் இரட்டை நாட் (இரண்டு பெட்டியும் அடுத்தடுத்து ஐபி முகவரியை மாற்றுவது) ஆகிவிடும். வெளியிலிருந்து சிசிடிவி பார்க்கப் போர்ட் திறப்பவர்களுக்கும், சில ஆன்லைன் கேம்களுக்கும் தலைவலி. புது ரவுட்டரே முழுப் பொறுப்பையும் எடுக்க வேண்டுமென்றால் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (மோடம் வேலையை மட்டும் செய்யும் முறை) போட ஃபைபர்காரரிடம் சொல்லுங்கள். அதற்கு முன் பிபிபிஓஇ (நெட் கம்பெனியில் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண் (லைனுக்குக் கம்பெனி வைத்திருக்கும் அடையாள எண்) மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் பிளான். வயரில் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: 94 என்றாலே போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது என்று அர்த்தம். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற முனைக்குள் எட்டு நிற வயர்களும் நுனிவரை வந்திருக்க வேண்டும். நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருந்தால் (பிளக்கில் அழுத்திப் பொருத்தியிருந்தால்) 100-தான். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கேபிள் கேட் 5இ போதும். வயர் சரியாக இருந்தும் நகரவில்லையா? ரவுட்டரின் போர்ட்டே 10/100 வகையாக (100 எம்பிபிஎஸ் வரை மட்டும் போகும் வகை) இருக்கலாம்; அப்படியானால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது. ரீசெட் பண்ணலாமா?

பதில்: தொடாதீர்கள்! ஒளி வந்து சேரவில்லை என்பதுதான் அந்தச் சிவப்பு. ஊசித்துளை ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் கனெக்‌ஷன் செட்டிங்கும் அழிந்து, ஒரு கோளாறு இரண்டாகும். ஃபைபரின் பச்சை பிளக் ‘டிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் வயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்; அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. இதற்குமேல் லைன்மேன் வேலை.

கேள்வி: கரண்ட் போனால் நெட் நிற்காமலிருக்க?

பதில்: மினி யூபிஎஸ். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்குமே வேண்டும். அடாப்டர் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள்: 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் பின்னைச் செருகினால் புகைந்துவிடலாம்.