சட்டத்தரணி, பிரக்கிராசி, நொத்தாரிசு: மட்டக்களப்பில் யாரை எப்படி அழைக்கிறோம்?

தமிழ்நாட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் தாயாருக்கு மட்டக்களப்பில் உள்ள காணியின் பழைய உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், 'பிரசித்த நொத்தாரிசு' ஒருவர் கையொப்பமிட்டிருக்கிறார். அவர் உங்கள் ஊர் நோட்டரி பப்ளிக் போன்றவரா, சட்டத்தரணி என்பவர் வேறு ஆளா என்பதே உங்கள் கேள்வி. கல்முனையில் உறுதிகள் தட்டச்சுச் செய்யும் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சொற்களில் ஏற்படும் குழப்பத்தால் காணி விடயங்களில் மக்கள் உண்மையாகவே இடர்ப்படுகிறார்கள்.

சட்டத்தரணி என்பவர் நீங்கள் வழக்கறிஞர் என்று சொல்பவர்தான். ஆயினும் இலங்கையில் அந்தப் பெயருக்கு வயது அதிகமில்லை. முன்பு இத்தொழிலில் இரண்டு வகையினர் இருந்தார்கள். கட்சிக்காரரைச் சந்தித்து, வழக்கின் பத்திரங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்தவர் பிரக்கிராசி. அவர் மூலமாக அமர்த்தப்பட்டு மன்றில் எழுந்து வாதாடியவர் அப்புக்காத்து. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் 1974 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவு நீங்கி, இரு சாராரும் சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ் வந்தார்கள். அதற்கு முந்திய உறுதிகளிலும் தீர்ப்புகளிலும் பழைய பெயர்களையே காண்பீர்கள். பேச்சில் இன்று 'லோயர்' என்பதே பெருவழக்கு. ஆனாலும் எங்கள் ஊர்களில் விடாமல் வாதம் பண்ணும் பிள்ளையைப் பார்த்து 'அப்புக்காத்து மாதிரிக் கதைக்கிறான்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பெயர் ஒன்றாகிவிட்டாலும் வேலைப் பிரிவு முழுமையாக மறையவில்லை. குடியியல் (சிவில்) வழக்கொன்றில், உங்கள் சார்பில் செயற்பட அதிகாரமளிக்கும் 'புரொக்சி' என்ற பத்திரத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணியே அந்த வழக்கின் பதிவு செய்யப்பட்ட சட்டத்தரணி ஆவார். அவருடைய புரொக்சி மன்றின் கோவையில் (கோப்பில்) இருக்கும் வரை, வழக்கின் பத்திரங்களில் உங்களுக்காக அவரே கையொப்பமிட வேண்டும்; கொழும்பிலிருந்து எவ்வளவு பெரிய சட்டத்தரணியைக் கொண்டுவந்து வாதாட வைத்தாலும் அவருடைய கையொப்பம் இதற்கு ஈடாகாது. ஆளை மாற்ற விரும்பினால், அவருக்கு அறிவித்து, மன்றின் அனுமதியுடன் பழைய புரொக்சியை முதலில் நீக்க வேண்டும். ஆகவே பழைய பிரக்கிராசியின் வேலை வேறு பெயரில் தொடர்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நோட்டரி என்றால் நகல்களையும் சத்தியக் கூற்றுகளையும் சான்றுப்படுத்துபவர் என்றே பெரும்பாலும் எண்ணுவார்கள். காணி விற்பனைப் பத்திரத்தை ஆவண எழுத்தர் எழுத, தரப்பினர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று பதிவு செய்வார்கள். இலங்கையில் உறுதிக்கு உயிர் கொடுப்பவரே நொத்தாரிசுதான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதோ நன்கொடை கொடுப்பதோ ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கக் கையொப்பமிடப்பட்டு, அவரால் அத்தாட்சிப்படுத்தப்படவும் வேண்டும். இல்லையேல் அந்தக் கைமாற்றம் சட்டத்தில் செல்லாது. கையொப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும், அல்லது சாட்சிகளாவது அறிந்திருக்க வேண்டும். உறுதியின் கடைசியில் வரும் அத்தாட்சிப் பகுதியை ஊன்றி வாசித்தால் இவையெல்லாம் அங்கே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதன் கனதி இன்னும் அதிகம். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்தே திருமணம் செய்து வைப்பது வழக்கமாகையால், வழக்குக்காக நீதிமன்றப் படி ஏறாத குடும்பங்கள்கூட நன்கொடை உறுதி முடிப்பதற்காக நொத்தாரிசிடம் சென்றிருக்கும். உங்கள் மாமியாரின் உறுதியும் அப்படிப்பட்டதாயிருக்கலாம். அவ்வாறாயின், நன்கொடையை அவர் ஏற்றுக்கொண்டதாக அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கு பொருந்தும் உரோம டச்சுச் சட்டத்தில் ஏற்பு இல்லாத நன்கொடை நிறைவு பெறாது.

பெயர்ப் பலகைகளில் 'சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும் சத்தியப் பிரமாண ஆணையாளரும்' என்று ஒரே ஆளுக்கு மூன்று பதவிகள் எழுதியிருப்பதால் மூன்றும் ஒன்றெனச் சிலர் நினைக்கிறார்கள். அவை தனித்தனியானவை. நொத்தாரிசுக்கு எந்தப் பிரதேசத்தில், எந்த மொழியில் உறுதி முடிக்கலாம் என்று குறிப்பிடும் ஆணைப்பத்திரம் உண்டு. அது இல்லாத சட்டத்தரணி உங்களுக்காக இலங்கையின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில்கூட வாதாடலாம். ஆனால் ஒரு பேர்ச் (சிறு நில அளவு) காணியைக்கூட எழுதித் தர முடியாது.

அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அற்றோணி) என்ற சொல்லும் வெளிநாட்டிலிருப்போரைக் குழப்புகிறது. அதில் வரும் அற்றோணி சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சார்பில் செயற்பட நீங்கள் நியமிக்கும் எவரும், உங்கள் மைத்துனர்கூட, அற்றோணியாகலாம். முஸ்லிம் ஊர்களில் கேட்கும் காதி என்ற சொல் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட நீதிபதியைக் குறிக்கும். அவர் முன்னிலையில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணிகள் தோன்ற அச்சட்டம் இடமளிப்பதில்லை.

உங்கள் கையிலுள்ளது உறுதியின் படப்பிரதி மட்டுமே என்றால் கவலைப்பட வேண்டாம். நொத்தாரிசு தாம் முடிக்கும் உறுதியின் ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை அடுத்த மாதம் பதினைந்தாந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 2004 சுனாமியில் வீட்டோடு உறுதிகளையும் இழந்த கரையோர மக்கள் பலருக்குக் கைகொடுத்தது பதிவகத்திலிருந்த இந்தப் பிரதிதான். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் சான்றுப்படுத்திய பிரதியை அங்கே பெறலாம். அத்துடன் அந்த உறுதிக்குப் பின் வேறு எவராவது அதே காணியின் மீது உறுதி பதிந்திருக்கிறார்களா என்றும் தேடிப் பாருங்கள், ஏனெனில் பதிவில் முந்தியவருக்கே சட்டம் முதலிடம் கொடுக்கிறது.

காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அளிப்புக் காணியானால் மட்டும் நிலைமை வேறு. அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாக் குடியேற்றப் பகுதிகளில் இத்தகைய வயற்காணிகள் ஏராளம். அவற்றைக் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அது இல்லாமல் அத்தகைய உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது என்று அச்சட்டமே தடை விதிக்கிறது.