வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

கிழக்கு இலண்டனில் நீங்களும் மனைவியும் சென்ற ஆண்டு வாங்கிய, 1890களில் கட்டப்பட்ட தொடர்வீட்டின் முன்னறை யன்னல்கள் குளிர்காற்றை உள்ளே விடுகின்றன என்றும், யன்னல் நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் ஐந்து பிளாஸ்டிக் யன்னல்களையும் பல பொருள்களை அடுக்கிச் செய்த ஒரு கொம்பொசிட் கதவையும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டால் விலைக்கழிவில் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், பக்கத்து வீட்டு அம்மையாரோ இது கொன்சர்வேஷன் ஏரியா (மரபுப் பாதுகாப்பு வலயம்), கவனம் என்று எச்சரித்தார் என்றும் எழுதியிருந்தீர்கள். கடன்பட்டு வாங்கிய சொந்த வீட்டில் யன்னல் மாற்றுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. நானும் அதே கேள்வியைக் கோபத்துடன் கேட்டவன். கேட்பதற்கு முன்பே யன்னலை மாற்றியும் விட்டவன். ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், வெள்ளிக்கிழமைக்குள் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு வந்து செய்யப்படும் ஒப்பந்தத்தைப் பதினான்கு நாள்களுக்குள் இரத்துச் செய்யலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அந்த உரிமை, வாங்குபவரின் அளவுக்கேற்பச் செய்யப்படும் பொருள்களுக்குப் பொதுவாகக் கிடையாது. யன்னல் என்பதோ உங்கள் சுவரை அளந்து செய்யப்படும் பொருள். உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் திட்ட அனுமதி (பிளானிங் பெர்மிஷன்) கிடைத்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்டுப் பாருங்கள். அதைச் சேர்க்க மறுக்கும் நிறுவனத்துடன் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

என் கதை 2009இல் நடந்தது. பழைய யன்னல் எப்படியோ அப்படியே புதியதும் இருக்கும், அனுமதி தேவையில்லை என்று எனக்கு விற்றவர் வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. முன்பக்கத்து மூன்று யன்னல்களையும் கதவையும் 4,200 பவுண் கொடுத்து மாற்றினேன். எட்டு மாதங்களின் பின் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வேலை முடிந்த பிறகு விண்ணப்பித்தேன், மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தேன், அதுவும் தள்ளுபடியானது. ஆறு மாதங்களுக்குள் மேலும் கீழும் சறுக்கித் திறக்கும் மரத்திலான சாஷ் யன்னல்களை மீண்டும் வைக்க வேண்டும் என்ற அமலாக்க அறிவித்தல் வந்தபோது, கழற்றி எறிந்த பழைய யன்னல்களில் ஒன்றையாவது கொட்டிலில் வைத்திருக்கக் கூடாதா என்று மனைவி கேட்டார். புதியவற்றுக்கு 7,500 பவுண் ஆனது. அந்தப் பணம் ஊரில் தங்கையின் வீட்டு வேலைக்கென்று சேர்த்து வைத்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகள் வேறு. கொன்சர்வேஷன் ஏரியா எனப்படும் மரபுப் பாதுகாப்பு வலயங்கள் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றின. அவ்வாண்டே லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரம் முதலாவது வலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தாயிரம் இருக்கின்றன. தனியொரு கட்டடத்தை அல்ல, ஒரு தெருவின் அல்லது குடியிருப்பின் முழுத் தோற்றத்தைக் காப்பதே அவற்றின் நோக்கம். எனினும் வலயத்துக்குள் வீடு இருப்பதாலேயே யன்னல் மாற்ற அனுமதி வேண்டும் என்று ஆகிவிடாது. எங்கள் ஆட்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான். தொடர்வீடு உட்பட முழு வீடுகளுக்குச் சிறு மாற்றங்களைச் செய்ய நாடு முழுவதற்கும் முன்கூட்டியே ஒரு பொது அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. புதிய யன்னல் ஏற்கெனவே இருப்பதைப் போன்ற தோற்றம் உடையதாக இருக்க வேண்டும் என்பதே அதன் முக்கிய நிபந்தனை. வடிவமும் யன்னற் சட்டத்தின் நிறமும் பருமனும் ஒத்திருந்தால் பிளாஸ்டிக்கும் ஏற்கத்தக்கது என்று அரசின் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

அந்தப் பொது அனுமதியைக் குறிப்பிட்ட தெருக்களில் கவுன்சில் மீளப் பெற்றுக்கொள்ளலாம். அந்த ஆணைக்குப் பெயர் ஆர்ட்டிக்கிள் 4. அது இருக்கும் இடத்தில், பெரும்பாலும் தெருவைப் பார்த்த முகப்பில், யன்னலையோ கதவையோ மாற்றத் திட்ட அனுமதி கட்டாயம். உங்கள் பக்கத்திலேயே, ஃபொரெஸ்ட் கேட்டில் இருக்கும் வுட்கிரேஞ்ச் எஸ்டேட் அத்தகைய இடம். வாசலுக்கு மேலே இரும்பும் கண்ணாடியுமான கூரை நீண்டிருக்கும் அந்த விக்டோரியா கால வீடுகளை, ஈஸ்ட் ஹாமிலிருந்து நடந்து போகும்போது நீங்கள் பார்த்திருக்கக் கூடும். இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. உங்களுடையது முழு வீடாக இல்லாமல் மாடிவீட்டின் ஒரு பகுதியாக, அதாவது ஃபிளாட்டாக இருந்தால், அந்தப் பொது அனுமதி தொடக்கத்திலிருந்தே உங்களுக்கு இல்லை. வீடு மரபுக் கட்டடப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக, அதாவது லிஸ்ட் செய்யப்பட்டதாக இருந்தால் கதை முற்றிலும் வேறு: அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றவியல் குற்றம், அமலாக்கத்துக்குக் காலவரையறையும் இல்லை. மற்ற வீடுகளுக்கு என் காலத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்த வரையறை, 2024 ஏப்ரல் 25 முதல் பத்து ஆண்டுகளாகிவிட்டது. எனவே யாரும் கவனிக்கமாட்டார்கள், காலம் போனால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களின் பேச்சை நம்பாதீர்கள்.

இவற்றுள் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அறிய, வீடு வாங்கும்போது உங்கள் சொலிசிட்டர் (சட்டத்தரணி) கவுன்சிலின் பதிவுகளிலிருந்து எடுத்த லோக்கல் சேர்ச் அறிக்கையைத் தேடி எடுங்கள். வலயமும் ஆர்ட்டிக்கிள் 4 ஆணையும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். கவுன்சிலின் திட்டப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள். எதிர்வீட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. அது ஆணை வருவதற்கு முன்பே வைக்கப்பட்டதாக இருக்கலாம். என் மேன்முறையீட்டில் நான் தெருவின் பதினொரு பிளாஸ்டிக் யன்னல்களின் படங்களை இணைத்திருந்தேன்; மிச்சமிருப்பதைக் காப்பதற்கு அவையே காரணம் என்று தீர்ப்பில் எழுதினார்கள்.

அன்று எனக்கு விளங்காத ஒன்று இன்று விளங்குகிறது. இரண்டு யன்னலும் வெள்ளை, இரண்டும் கண்ணாடி, வேறுபாடு எங்கே என்று கேட்டேன். சாஷ் யன்னலில் மேற்சட்டம் முன்னுக்கும் கீழ்ச்சட்டம் அதற்குப் பின்னுக்குமாக நிற்பதால் நடுவில் ஒரு நிழல்கோடு விழுகிறது. என்னுடைய பிளாஸ்டிக் யன்னலில் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தன. திறந்தால் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு நின்றது. மேற்சட்டத்தின் இரு மூலைகளிலும் கீழ்நோக்கி நீளும் சிறிய கொம்பு போன்ற பகுதி, அலங்காரம் அல்ல. முன்பு சிறு சிறு கண்ணாடிகளைத் தாங்கிய குறுக்குச் சட்டங்கள், பெரிய கண்ணாடி மலிவானபோது இல்லாமல் போயின. கூடிய பாரத்தைத் தாங்கவே அந்த மூலை நீட்டப்பட்டது. யன்னல் நிலையின் இரு பக்கப் பெட்டிகளுக்குள்ளே வார்ப்பிரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்கிக் கண்ணாடியின் பாரத்தைச் சமன் செய்கின்றன. அதனால்தான் அத்தனை பெரிய யன்னலை ஒரு பிள்ளையும் ஒரு கையால் உயர்த்த முடிகிறது. மரமோ மெதுவாக வளர்ந்து இறுகிய பைன். நூற்றிருபது ஆண்டுகள் இந்த ஊர் மழையில் நின்ற மரத்தைக் கழற்றிவிட்டு, உடைந்தால் முழுதாகத் தூக்கி எறிய வேண்டிய ஒன்றை நான் வைத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மாச்சியின் நாற்சார் வீட்டுக் கதவுகளை விற்று அலுமினியம் போட்டபோது வருந்திய நானே இங்கே அதைச் செய்தேன்.

ஆகவே மாற்றுவதற்கு முன் திருத்துவதைப் பற்றி யோசியுங்கள். உங்களைக் குளிரச் செய்வது பெரும்பாலும் ஒற்றைக் கண்ணாடி மட்டும் அல்ல. சட்டங்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளும்தான். சாஷ் யன்னலில் பழகிய தச்சர் ஒருவர், அறுந்த கயிறுகளை மாற்றி, உக்கிய அடிக்கட்டையை வெட்டிப் புதுமரம் ஒட்டி, சட்டங்கள் ஓடும் தடத்தில் தூரிகைபோன்ற காற்றுத்தடுப்புப் பட்டையைப் பதித்துத் தருவார். இதே யன்னலைத் திருத்துவதால் இதற்கு அனுமதி தேவைப்படுவதில்லை. அதன் பின்னும் குளிர்ந்தால், உட்புறமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தலாம். லிஸ்ட் செய்யப்படாத வீட்டில் இதற்கும் திட்ட அனுமதி வேண்டியதில்லை. இரு கண்ணாடிகளுக்கும் இடையே 100 மில்லிமீற்றர் அளவு விட்டால் பஸ் இரைச்சலும் நன்றாகக் குறையும். மாறி மாறி இரவுவேலை செய்து பகலில் உறங்கும் உங்கள் இருவருக்கும் அது பெரிய உதவி.

மரம் உண்மையிலேயே உக்கிப்போயிருந்து மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அதே அமைப்பில் மரத்தாலான சாஷ் யன்னல், மெல்லிய இரட்டைக் கண்ணாடியுடன் கேளுங்கள். பல கவுன்சில்கள் அதை ஏற்கின்றன. விண்ணப்பத்தில் முகப்பின் வரைபடத்தோடு, சட்டத்தின் குறுக்குவெட்டைப் பெரிய அளவில் காட்டும் வரைபடமும் இருக்க வேண்டும். மறுக்கப்படும் விண்ணப்பங்களில் பல, இது இல்லாததால்தான் சறுக்குகின்றன என்று எனக்கு வேலை செய்த தச்சர் சொன்னார். வீட்டுக்காரர் விண்ணப்பத்துக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுணிலிருந்து 528 ஆக உயர்ந்தது, ஆண்டுதோறும் மாறக்கூடியது. முடிவுக்கு எட்டு வாரம் என்பது கணக்கு.

திட்ட அனுமதி வேறு, கட்டட ஒழுங்குவிதி வேறு. புதிய யன்னலின் வெப்ப இழப்பு, காற்றோட்டத் துவாரம், தாழ்வான கண்ணாடி உடைந்தாலும் காயப்படுத்தாத பாதுகாப்பு வகையாக இருத்தல், மாடி அறையிலிருந்து தீயின்போது வெளியேறும் வழி ஆகியவை இதில் பார்க்கப்படும். ஃபென்சா போன்ற திட்டத்தில் பதிவு பெற்ற யன்னல் நிறுவனம் வேலையைச் செய்தால் அதற்குச் சான்றிதழ் கிடைக்கும். 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய யன்னல்களைப் பற்றி, வீட்டை விற்கும் நாளில் படிவத்தில் கேட்பார்கள். அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

கதவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீடுகளில் நகை இருக்கும் என்று குறிவைத்துத் திருட வருகிறார்கள் என்ற பயம் உங்களுக்கு இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பயம் காரணமில்லாததும் அல்ல. ஆனால் பழைய நான்கு பலகைக் கதவு கனமான கதவு. அதில் பிரித்தானியத் தரம் 3621 முத்திரை உள்ள ஐந்து நெம்பு (லீவர்) பூட்டை இறக்கி, நிலையின் உட்புறம் இரும்புப் பட்டை அடித்து, பிணைச்சல்களுக்கு நீண்ட திருகாணி போட்டால் போதிய பலம் கிடைக்கும். காப்புறுதி நிறுவனங்கள் கேட்பதும் பெரும்பாலும் அந்த முத்திரையைத்தான். நிலையில் மாவிலைத் தோரணம் கட்டலாமா என்று அக்கா தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கட்டச் சொல்லுங்கள், அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

வீட்டின் பின்பக்கம் பெரும்பாலும் ஆணைக்குள் வராது. சமையலறைப் பின்கதவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், ஆனால் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நீங்களே செய்யத் தொடங்கிவிடாதீர்கள்: பழைய யன்னல் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளை இருக்கும் வீட்டில் அதை உலர்ந்தபடி உரசித் தூசாக்குவது ஆபத்து. அந்த வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

காற்று வீசும் ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, யன்னலின் நான்கு ஓரங்களிலும் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எந்த இடத்தில் வளைந்து அறைக்குள் ஓடுகிறதோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதைப் படமெடுத்து, லோக்கல் சேர்ச் அறிக்கையின் முதற் பக்கங்களோடு எனக்கு அனுப்பினால், தச்சரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்