மலை இறங்கி வந்த கடிதங்கள் (வாகனம்: வாசகர் கேள்வி – பதில்)

கோடை விடுமுறை முடிந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மைலேஜ் எவ்வளவு, எந்த மாடல் வாங்கலாம் என்ற விசாரணைகள் குறைந்து, கொல்லிமலையிலும் கோத்தகிரிச் சாலையிலும் நடுவழியில் நின்றவர்களின் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் சூட்டைப் பற்றியவை என்பதால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற மாதம் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போய்த் திரும்பினோம். இறங்கும்போது பாதி வளைவுகளைத் தாண்டிய நிலையில் கருகிய வாசனை வந்தது. சற்று நேரத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்க ஆரம்பித்தது. வண்டி நிற்கத் தயங்கியது. எப்படியோ ஓரங்கட்டி அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பிறகு பிரேக் பழையபடி பிடித்தது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது எந்தக் குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பயத்தில் நானாகக் கற்பனை செய்துகொண்டேனா?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: கற்பனை இல்லை. உங்களுக்கு நடந்தது உண்மை. மறுநாள் மெக்கானிக்கின் கண்ணில் எதுவும் படாததும் உண்மை. இந்தக் கோளாறின் குணமே அதுதான்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மூன்றரை மணி நேரம் இடைவிடாமல் எரியவிட்டால் எவ்வளவு சூடு கிளம்புமோ அவ்வளவு. டயரின் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு போக, மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்காவது கியரிலோ நியூட்ரலிலோ இறங்குகிறவர் அந்தச் சுமை முழுவதையும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும், உள்ளங்கை அகலமுள்ள சில பிரேக் பேடுகளின் மீது ஏற்றிவிடுகிறார்.

கருகிய வாசனை பேடிலிருந்து வந்தது. பெடல் பஞ்சு போல ஆனதற்குக் காரணம் வேறு. நாம் பிரேக் ஆயில் என்று அழைக்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும் தன்மை கொண்டது. டப்பாவில் டாட் 3 (DOT 3) என்று தரம் குறித்த வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155. சக்கரத்தின் அருகே திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே உங்கள் கால் கொடுத்த அழுத்தம் குமிழிகளை நசுக்குவதிலேயே செலவாகி, பேடு வரை போய்ச் சேரவில்லை. நீங்கள் நின்றிருந்த நேரத்தில் ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமானது, பெடலும் இறுகியது. மறுநாள் சோதித்தவருக்கு இறுகிய பெடல்தான் கிடைத்தது.

எனவே பேடுகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்வதோடு, பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றச் சொல்லுங்கள். டப்பாவில் குறைந்ததை நிரப்புவது மாற்றுவதாகாது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் ஈரம் ஏறத்தான் செய்யும்.

இனி இறங்கும் முறை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்ற பழைய டிரைவர்களின் வாக்கை மிஞ்சிய பாடம் இன்றுவரை இல்லை. கொல்லிமலைக்கு அது பெரும்பாலும் இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர். எஞ்சின் 3,000 சுற்றுகளில் உறுமுவதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரேக்கின் மீது காலை வைத்தபடியே இறங்காமல், தேவைப்படும்போது அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் மூச்சு வாங்கும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையை இன்னும் எத்தனை ஆண்டு சுமப்போமோ தெரியவில்லை. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடி இறங்கும்போது இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின் எரிபொருளை ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறது; நியூட்ரலில்தான் அது அணையாமல் ஓடுவதற்கு எரிபொருள் கேட்கிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவது இன்னும் மோசம். ஓரிரு முறை அழுத்தியதும் பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியையும் உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

மீண்டும் அப்படி ஒரு நிலை வந்தால் பெடலை வேகமாகப் பலமுறை மிதித்து அழுத்தத்தைச் சேர்க்கப் பாருங்கள்; ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள்; ஹேண்ட்பிரேக்கை ஒரே இழுப்பாக இழுக்காமல், லிவரின் பொத்தானை அழுத்தியபடி சிறிது சிறிதாக ஏற்றுங்கள். எதற்கும் அடங்கவில்லையென்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவரின் பக்கமாக வண்டியை உரசவிடுவதே உயிர் காக்கும். நின்ற பிறகு சூடான டிஸ்கின் மீது தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது வளைந்துபோகலாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இறக்கத்தில் உங்கள் மோட்டாரே பிரேக்காக நின்று பேட்டரியை நிரப்பும் என்பது சரி. ஆனால் மலை உச்சி விடுதியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், நிரப்ப இடமில்லாத பேட்டரி அந்த வேலையை மறுத்துவிடும், சுமை பழையபடி பேடுகளுக்கே வரும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கியது. உடன் வந்த நண்பர் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகப் போடச் சொன்னார். மே மாதத்தில் ஹீட்டரா என்று நாங்கள் சிரித்துவிட்டோம். கடைசியில் வண்டி புகைந்து நின்றது. நண்பர் சொன்னது சரியா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நண்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், அவர் சொன்னது சரி. ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றிவரும் கூலன்ட் என்ற திரவம் சூடாகி அதன் வழியாகப் போகையில், ஃபேன் அந்தச் சூட்டை உங்கள் மீது வீசிவிடுகிறது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் வியர்த்திருந்தால் நிழலான ஓர் இடம்வரை போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ பானட்டிலிருந்து ஆவி வந்தாலோ அதற்கு மேல் ஒரு வளைவுகூட ஓட்டக் கூடாது. எஞ்சினின் மேல் பகுதிக்கும் அடிப் பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டால் எஞ்சினைப் பிரிக்காமல் வேலை முடியாது.

நின்ற பிறகு செய்யக் கூடாத ஒன்று உண்டு. ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது. கூலன்ட் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் விழுந்து, அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து மேலே பாயும். வேலை பழகிய நாட்களில் துணியைப் போட்டுப் பிடித்தால் போதும் என்று நினைத்து நான் பெற்ற தழும்பு இன்னும் முன்கையில் இருக்கிறது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் அதற்கும் மேல் காத்திருங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம், விரல்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஆறிய பின் கூலன்ட் குறைந்திருந்தால், அவசரத்துக்குக் குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஊர் வந்ததும் அந்த நீரை இறக்கிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன கூலன்டை மாற்றிவிட வேண்டும். போர் தண்ணீரை ஊற்றியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள், வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பை ஒருமுறை பார்க்கட்டும். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. உங்கள் வண்டியைப் பொறுத்தவரை ஹோஸ் கசிவு, ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் மட்டும் சூடேறிச் சமவெளியில் சரியாக ஓடுகிறது என்றால் ஃபேனின் மீதுதான் என் முதல் சந்தேகம். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று செய்துகொடுக்கும் வேலையை, மெதுவாக ஏறும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்க என் கணவர் காற்றை 33-க்குப் பதில் 28 மட்டுமே பிடிக்கிறார். இது சரிதானா?
– ஒரு வாசகி, இராமநாதபுரம்

பதில்: நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது சுடுவதைப் போல, அந்த மடிப்பே டயரைச் சூடாக்குகிறது. நாற்கரச் சாலையில் நண்பகலில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் டயருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ, கோடையிலும் அவ்வளவே பிடிக்க வேண்டும், அதுவும் வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பு. ஓடிய பின் 33 என்பது 37, 38 என்று காட்டினால் அது இயல்பு, அந்த நிலையில் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன் பிடிப்பதில் தீங்கில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காசு கொடுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் 2319 என்று முடியும் நான்கு இலக்கங்கள் இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிடும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

ஓடும்போது வெடித்துவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் நன்றாகத் தணிந்த பிறகே ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஹாரனும் மங்கலாக ஒலிக்கிறது.
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் பச்சை பூத்திருக்கிறது. முதலில் முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும், புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் கொடுப்பதானால் சிவப்பை இரு பிளஸ் முனைகளிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும் மாட்டி, கறுப்பின் மறு நுனியை உங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளிப் பொருத்துங்கள். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி வரும்.

கேள்வி: கோயில்களுக்குப் போகும் வழியில் இரவில் ஏசியைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளேயே தூங்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பெட்ரோல், டீசல் வண்டியில் வேண்டாம். புகைக்குழாயில் ஒரு சிறு ஓட்டையோ, பின்னால் ஒரு சுவரோ புதரோ இருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவருக்கு விழிப்பே வராது.

கேள்வி: மலைப்பாதையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் குறுகலான இடத்தில் சந்தித்தால் யார் வழி விட வேண்டும்? இதைச் சொல்லி ஏற்காடு சாலையில் ஒருவரோடு வாக்குவாதமே நடந்துவிட்டது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இறங்குகிறவர்தான் நின்று வழி விட வேண்டும், சாலை விதியும் அதையே சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் கிளம்புவதற்குள் கிளட்ச் கருகலாம், பின்னால் உருளலாம். நீங்கள் ஏறிக்கொண்டிருந்தீர்கள் என்றால் வாக்குவாதத்தில் நியாயம் உங்கள் பக்கம். இறங்கிக்கொண்டிருந்தீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

சரிவில் நிறுத்த நேர்ந்தால் ஹேண்ட்பிரேக்கோடு கியரையும் போடுங்கள். முகப்பு மேல் நோக்கியிருந்தால் முதல் கியர், கீழ் நோக்கியிருந்தால் ரிவர்ஸ். சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டை கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்துச் சாலையோரம் போட்டுவிடுங்கள்; காரில் வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன கல்லில் இரவில் ஏறி விழுகிறவர்கள் அந்த மலை ஊரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள்.