கோப்பையில் நட்சத்திரம்

கேள்வி: இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் தங்கை நட்சத்திர வடிவப் பாஸ்தா நான்கு பொதி அனுப்பியிருக்கிறாள். பிள்ளைகள் போட்டிபோட்டுச் சாப்பிடுகிறார்கள். இவரோ, "காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சி" என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார். இரண்டு சமையல் செய்ய எனக்கு நேரமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தருமபுரம்

பதில்: அவர் சொல்வதில் பிழையில்லை, பிள்ளை. இத்தாலியிலும் 'பஸ்தீனா' என்னும் இந்தச் சின்னப் பாஸ்தா சிறுகுழந்தைக்கும் நோயாளிக்கும் சாற்றில் அவித்துக் கொடுப்பதுதான். ஆனால் குளிர் நாளில் பெரியவர்களும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். உங்களிடம் இருப்பது 'ஸ்தெல்லீனே', குட்டி நட்சத்திரம். மிளகுமணி அளவில் 'ஆச்சினி தி பேபே' என்று இன்னொன்றும் உண்டு. எல்லாம் கடினக் கோதுமை ரவைதான். உப்புமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சாறு ஒன்றே போதும். ஊர்க்கோழி எலும்பு, வெங்காயம், இரண்டு பல் உள்ளி, உப்பு. உறைப்பு வேண்டாம். நட்சத்திரத்தை மட்டும் வேறு சட்டியில் அவியுங்கள். நான் முதல்முறை முழுப்பொதியையும் சாற்றுக்குள்ளேயே கொட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது சாறு இல்லை. அகப்பை நட்டுக்கொண்டு நின்றது. நட்சத்திரம் இறக்கிய பிறகும் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொதியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்குங்கள். வடிப்பதற்குத் தேங்காய்ப்பால் வடிதான் சரி. அரிசி கழுவும் ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றினால் பாதி வானம் கோழிகளுக்குத்தான் போகும்.

பிள்ளைகளின் கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி நட்சத்திரம், மேலே இளஞ்சூட்டில் சாறு, ஒரு துளி வெண்ணெய். அவர்களுக்கு எடுத்து வைத்த பிறகு மிச்சச் சாற்றை மீண்டும் அடுப்பில் ஏற்றி, இடித்த மிளகும் சீரகமும், ஒரு பிடி முருங்கையிலையும், பிய்த்த கோழியிறைச்சியும் போட்டு ஒரு கொதி விடுங்கள். அவருக்கு நட்சத்திரம் குறைவாகவும் இறைச்சி கூடுதலாகவும் இருக்கட்டும். தேசிக்காய் பிழிவது இறக்கிய பிறகு. வயலில் நின்றுவிட்டு வருகிறவருக்குப் பல்லில் ஏதாவது கடிபட வேண்டும். அவருடைய கோபம் கஞ்சியோடு அல்ல, கடிக்க ஒன்றும் இல்லாததோடுதான்.

சொதிக்குள் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போட்டுப் பார்த்தேன். சுவரொட்டி ஒட்டலாம்.