நெல் விற்ற பணத்தில் புது டெக் பங்குகள் வாங்கலாமா? ஆன்லைனில் எப்படிக் கற்பது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குறுவைக்கு விதை, உரம் வாங்க வைத்திருக்கும் பணத்தைத் தொடாதீர்கள், மிச்சத்தில் பேசுவோம்.

முதலில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியின் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வுப் பாடத்தை, அதன் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் தளத்தில் படியுங்கள், இலவசம்தான். 'இதை வாங்கு' என்று சொல்லும் டெலிகிராம் டிப்ஸ் பக்கமே போக வேண்டாம்.

பெரிய ஐபிஓக்களின் (நிறுவனம் முதன்முறை பொதுமக்களுக்குப் பங்கு விற்பது) வரைவு ஆவணம் செபி தளத்தில் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கம், மலைக்காமல் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' (ஆபத்துகள்), கேஷ் ஃப்ளோ (பணம் வந்துபோன கணக்கு) இரண்டையும் படியுங்கள். லாபம் காட்டியும் செயல்பாட்டுப் பணவரவு (தொழிலிலிருந்து கைக்கு வரும் காசு) வருஷா வருஷம் மைனஸ் என்றால், பெரும்பாலும் பில் போட்ட காசு வசூலாகவில்லை.

சின்ன நிறுவனங்களில் உண்மையான வலி லோயர் சர்க்யூட், அதாவது ஒரே நாளில் விலை இறங்க அனுமதித்த அடி வரம்பு. 5% வரம்பில் விழுந்து பூட்டிக்கொண்டால் வாங்க ஆளிருக்காது. ஸ்டாப்லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டிருந்தாலும் விற்காது. அதனால் தினசரி வால்யூமை, அதாவது எத்தனை பங்குகள் கைமாறுகின்றன என்பதைப் பார்த்தபிறகே வாங்குங்கள். ஓராண்டுக்குள் விற்றால், இப்போதைய விதிப்படி லாபத்தில் 20% வரி.