போனே படித்துக் காட்டும்போது பையனுக்குப் பிரெய்ல் எதற்கு?

கேள்வி: நாங்கள் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 10 வயது. ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது பார்வை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் நோய், என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். பெரிய எழுத்து இன்னும் தெரிகிறது, மற்றதைப் போன் படித்துக் காட்டுகிறது. பள்ளியில் இப்போதே பிரெய்ல் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். என் அண்ணனோ, "அது பழைய காலத்துச் சமாசாரம், காசை நல்ல போனில் போடு" என்கிறார். பிரெய்ல் தட்டச்சுப் பொறியான பிரெய்லரின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: இந்த மாதமே ஆரம்பித்துவிடுங்கள். ஆனால் பிரெய்லரை இப்போது வாங்க வேண்டாம். போனும் அவனிடம் இருக்கட்டும்.

எனக்கும் பள்ளி நாட்களிலேயே பார்வை போய்விட்டது. அப்போது படித்த பள்ளியில் ஒலிநாடாவைக் கையில் கொடுத்து, இதுவே போதும் என்றார்கள். எனக்கும் அது சுலபமாக இருந்தது. 22 வயதில் முதல் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, நான் குடியிருந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெயரையே ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருந்தேன். ஆயிரம் முறை காதில் விழுந்த பெயர். எழுத்து எழுத்தாக ஒருநாளும் என் கைக்கு வரவில்லை. அதற்கப்புறம்தான் பிரெய்ல் கற்றேன். விரல் பழக இரண்டு வருடம் பிடித்தது. உங்கள் மகனுக்கு அந்த இரண்டு வருடம் வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

காதால் கேட்டால் கதை புரியும், பாடமும் புரியும். எழுத்து மட்டும் நழுவிவிடும். நம் வீட்டுத் தமிழையே பாருங்கள். பள்ளி, பல்லி இரண்டையும் இங்கே பலர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். பிரெய்லில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளி இடம்: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. 'ல' என்றால் இடப்பக்கத்து மூன்றும் மேலெழும். 'ள' என்றால் வலப்பக்கத்து மூன்றும். விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு குழம்பாது. கணக்கிலும் இதே கதைதான். "எக்ஸ் கூட்டல் ஒன்று வகுத்தல் இரண்டு" என்று போன் சொன்னால் எதை இரண்டால் வகுப்பது, எக்ஸையும் சேர்த்தா, ஒன்றை மட்டுமா? மெட்ரிக் வரை கணக்கு எடுக்க வேண்டிய பையன், வரியை விரலால் தடவித் திரும்பிப் போய்ப் பார்க்க முடியவேண்டும்.

அண்ணன் பழசு என்று சொல்வது உண்மைதான். லூயி பிரெய்ல் இந்த முறையை 1824-இல் உருவாக்கியபோது அவருக்கு 15 வயது. 1829-இல் அச்சில் வந்தது. ஒரு எழுத்து முழுவதும் விரல்நுனிக்குள் அடங்கிவிடுகிற அளவை அவர் கண்டுபிடித்ததால்தான் இன்றும் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்றைய போனில்கூடத் திரையையே ஆறு விசையாக்கிப் பிரெய்லில் தட்டச்சு செய்யலாம். பிரெய்ல் காட்டியை இணைத்தால் போனில் வருவது விரலடியில் புள்ளியாக எழும். நல்ல போன் வாங்கினாலும் அதை முழுசாகப் பயன்படுத்தப் பிரெய்ல் கைகொடுக்கும்.

சரி, செலவு. பெர்க்கின்ஸ் பிரெய்லர் 1951-இல் வந்த உலோகப் பொறி. கனமானது, விலை அதிகம், ஆனால் பராமரித்தால் பல பத்து வருடம் உழைக்கும். தட்டியதை உடனே தடவிப் பார்க்கலாம் என்பதால் குழந்தை கற்க அதுதான் நல்லது. பள்ளியிடம் வாரக் கடைசிக்கு இரவல் கேளுங்கள். பின்னால் வாங்குவதானால், பழுது பார்த்த பழைய பொறியே போதும். வீட்டுக்கு ஒரு சிலேட்டும் (தாளைப் பிடிக்கும் கட்டம் போட்ட சட்டம்) ஸ்டைலஸும் (புள்ளி குத்தும் ஊசி) வாங்குங்கள், விலை மிகக் குறைவு. அதில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பிப் படிக்க வேண்டும். முதல் வாரம் குழப்பும், அப்புறம் கை பழகிவிடும். பழைய நாட்காட்டியின் தடித்த தாளே போதும்.

தினமும் 15 நிமிடம் போதும். ஒரே ஒரு கவனம்: பார்வை மிச்சமிருக்கும் பிள்ளைகள் புள்ளியைக் கண்ணால் பார்த்துப் படித்துவிடுவார்கள். மடியில் தாளை வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். இரண்டு ஆள்காட்டி விரலும் லேசாக வரியோடு நகரட்டும், அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

பாடமாகவே வைத்தால் சலித்துவிடும். உங்கள் வீட்டில் துனீ ஆடுவீர்கள்தானே? 24 சீட்டுதான். ஒவ்வொன்றின் மூலையிலும் இரண்டு எழுத்தை ஸ்டைலஸால் குத்திவிடுங்கள். சீட்டைப் போனிடம் காட்டினால் சுற்றி இருப்பவர்களுக்கும் கேட்டுவிடும். விரல் படித்தால் மாமாக்களுக்குத் தெரியாது. ஒருமுறை அவன் ஜெயித்துவிட்டால் அப்புறம் நீங்கள் வற்புறுத்தவே வேண்டாம். கோயிலில் பதிகம் பாடுவதற்கும் இதைச் சொல்வேன். காதில் ஒலிப்பதிவு ஓடும்போது வாய் பாடத் தடுமாறும். விரல் முன்னே படிக்க, வாய் பின்னாலேயே பாடலாம்.

தமிழும் சேர்த்துக் கற்றால் பாரமாகாதா என்று யோசிப்பீர்கள். பாரதி பிரெய்லில் க, ப, ம, ல, ர எல்லாமே ஆங்கிலத்தின் k, p, m, l, r புள்ளிகள்தான். அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வரும். பிரெய்லில் க, பிறகு எ, காதில் கேட்கிற வரிசையிலேயே. ஆங்கிலம் நன்றாகப் பழகிய பிறகு தொடங்குங்கள். யூனிகோடு தமிழைப் பிரெய்லாக மாற்ற இலவச மென்பொருளும் இருக்கிறது.

புத்தகத்துக்கு மக்காண்டாவில் உள்ள தென்னாப்பிரிக்கப் பார்வையற்றோர் நூலகத்தில் அவன் பெயரைப் பதியுங்கள். 1919 முதல் இயங்குகிறது, உறுப்பினர்களுக்குச் சேவை இலவசம். முன்பு பதிப்புரிமை வைத்திருப்பவர் அனுமதி தராவிட்டால் ஒரு புத்தகத்தைப் பிரெய்லாக்க முடியாது. பார்வையற்றோர் அமைப்பான பிளைண்ட் எஸ்.ஏ. தொடுத்த வழக்கில், 2022 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையைத் தகர்த்தது. ஆகவே பாடநூல் பிரெய்லில் கிடைக்குமா என்று பள்ளியில் தயங்காமல் கேளுங்கள், வருடத் தொடக்கத்துக்கு வெகு முன்பே.