பழைய சீனப் பீங்கான் தட்டின் அடியில் கம்பித் தையல் இருக்கிறது. பிடுங்கிவிட்டு நல்ல பசை போட்டு ஒட்டலாமா?

வேண்டாம். நான் பிடுங்கிப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

பினாங்கில் பழம்பொருள் கடை ஒன்றில் நீலப் பூ வரைந்த சீனத் தட்டு மலிவாகக் கிடைத்தது. முன்பக்கம் தலைமுடி விழுந்தது போல ஒரு கோடு, அவ்வளவுதான். திருப்பினால் ஸ்டேப்ளர் பின் அடித்த மாதிரி ஐந்து பித்தளைக் கம்பிகள். யாரோ அவசரத்துக்குப் போட்ட ஒட்டு என்று நினைத்துக் குறட்டால் ஒன்றை நெம்பினேன். கம்பி வந்தது. கூடவே துளையைச் சுற்றி மிளகளவு பீங்கான் சில்லும் பெயர்ந்து வந்தது. படிக்க ஆரம்பித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் துளை மறுபக்கம் வரை போகவே இல்லை! தட்டின் கனமே சில மில்லிமீட்டர்தான். அதில் பாதியோடு நிறுத்தியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது. கயிறு கட்டிய வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் சுழலும் துளையூசி, அதன் முனையில் வைரத் துணுக்கு. கொஞ்சம் கை அழுத்தினால் பாத்திரம் போச்சு. 'வைர ஊசி இல்லாதவன் பீங்கான் வேலைக்குக் கை நீட்டாதே' என்ற சீனப் பழமொழி இங்கிருந்து வந்ததுதான்.

உடைந்த துண்டுகளை முதலில் பொருத்திக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொள்வார்கள். விரிசலின் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் துளை போட்டு, அந்த இடைவெளியைவிட மயிரிழை குட்டையாகக் கம்பியை வளைப்பார்கள். அதனால் கம்பியை விரித்துத்தான் மாட்ட முடியும். மாட்டியதும் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், துண்டுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். ஆக, வேலை செய்வது பசை இல்லை, இழுவிசை. பித்தளை, செம்பு, இரும்பு என்று கம்பி பலவிதம். வசதியான வீட்டுப் பாத்திரத்துக்கு வெள்ளி, தங்கம்கூட உண்டு. கடைசியில் துளை வாயில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவார்கள்.

ஒழுகாதா என்று கேட்பீர்கள். 1610இல் பெய்ஜிங்கில் இறந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சிக்கும் இதே வியப்பு. உடைந்த பீங்கானைப் பித்தளைக் கம்பியால் தைத்தால் நீர் ஒழுகாமல் நிற்கிறது என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த வேலைக்காரர்கள் தோளில் பெட்டியோடு தெருத்தெருவாக வருவார்கள், நம் ஊரில் ஈயம் பூசுகிறவர் வந்தது போல. அவர்களை வைத்து வட சீனத்தில் ஒரு சிலேடை உண்டு: கிண்ணம் தைக்கிறவன் மூக்குக்கண்ணாடி மாட்டினால், இல்லாத விரிசலைத் தேடுகிறான் என்று பொருள். வீண்சண்டைக்கு வருகிறவனைச் சொல்வது.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'பாகோஹான்' என்ற பச்சைநிறத் தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. சீனாவைத் தெற்குச் சோங் அரச மரபு ஆண்ட காலத்தில் லோங்சுவான் என்ற ஊர்ப்பக்கச் சூளைகளில் செய்தது. 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகுன் (படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமாசா, விரிசல் விட்ட அந்தக் கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பி, இதே போல வேறொன்று கேட்டாராம். இவ்வளவு நேர்த்தியாக இப்போது செய்ய முடியாது என்று இரும்புக் கம்பியால் தைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பது 1727இல் எழுதப்பட்ட கதை. கம்பிகள் வெட்டுக்கிளி உட்கார்ந்தது போல இருந்ததால் அந்தப் பெயர். அந்தத் தையல் அசிங்கமாக இருந்ததால்தான் ஜப்பானில் தங்கம் பூசி ஒட்டும் கின்ட்சுகி பிறந்தது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் கிண்ணத்துக்குப் பெயரே தையலால்தானே வந்தது!

சரி, உங்கள் தட்டுக்கு வருவோம். வெந்நீர் வேண்டாம், ஊற வைக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். இரும்புக் கம்பியானால் இன்னும் கவனம் தேவை. துரு பருத்துத் துளையையே உடைத்துவிடும். எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் அருங்காட்சியகப் பொருட்களைச் சீர்செய்யும் ஆளிடம் கொடுங்கள். அவர்கள் நெம்ப மாட்டார்கள். கம்பியை நடுவில் அறுத்து ஒவ்வொரு காலாக உருவுவார்கள். தையல் இருப்பதாலேயே தட்டு பழசு என்றும் எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டிலும் இப்படித் தைத்தார்கள். சீனாவில் இன்றும் சிலர் அழகுக்காகவே தைக்கிறார்கள்.

என் தட்டை மிச்சமுள்ள நான்கு கம்பிகளும் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பெயர்ந்த சில்லு ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.